ஏழாம் கட்டிலில் ஆவாரம்பூ

ஏழாம் கட்டில் அம்மாவுக்கு ஒரே மருந்து ஐந்து நாள் இரட்டையாகப் போனது. ஒரு மாத்திரை என் கையால். இன்னொன்று அவர் மகன் கையால். நான் கொடுப்பது அவனுக்குத் தெரியும். அவன் கொடுப்பது எனக்குத் தெரியாது.

மருந்து கொடுப்பது அரை நிமிட வேலை. கொடுத்துவிட்டு ஆளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நர்ஸ் வேலை. நாற்பது வருடமாக இதைப் புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரே ஹால், பன்னிரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் நான் 'பிரதர்'. பல் போன பிறகும் பிரதர்தான். ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில் பகல் ஷிப்டுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தேன்.

மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடக்கிற கூட்டாளிகளே, இது உங்களுக்கு. 'எனக்கு இப்படி நடக்காது' என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

பேரைச் சொல்லுங்க

நம்மூர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள். "நீங்கதானே ராமசாமி?" என்று கேட்டால் சூசையும் "ஆமாங்கய்யா" என்பார். ஆஸ்பத்திரிக்காரர் கேட்கிறார், இல்லை என்று சொல்லி அவர் மனதை நோகடிப்பானேன் என்கிற நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணத்தில் ஒருவர் ஊசி இன்னொருவர் கையில் ஏறும். அதனால் நான் பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. அவர்கள் வாயால் சொல்ல வைப்பேன். மணிக்கட்டில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் மருந்து. ஒவ்வொரு வேளையும் இப்படித்தான்.

அந்த வாரம் மூன்றாம் கட்டிலில் நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர் இருந்தார். நெஞ்சுச் சளி. நாளுக்கு மூன்று ஊசி. ராத்திரி ஷிப்டையும் சேர்த்து ஐந்து நாளில் பதினைந்து தடவை பேர் கேட்டிருப்போம். பதினாறாவது தடவை ஊசியோடு போய் நின்றேன். பேரைச் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க பிரதர், இந்தப் பேரு எங்கப்பாரு வெச்சதுங்க, நேத்து ராத்திரி நான் ஒண்ணும் மாத்திப் போடலீங்க!"

ஏழும் எட்டும்

ஏழாம் கட்டிலுக்குச் சவேரியம்மாள் வந்தது ஒரு திங்கட்கிழமை. சொந்த ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். மழையை நம்பிய காடு. இப்போது வத்தலக்குண்டில் மகனோடு இருக்கிறார். மகன் அருளப்பன் அங்கே டீக்கடை வைத்திருக்கிறான். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருந்தது. இதயம் தாறுமாறாக அடித்தது. டாக்டர் நீர் பிரிய ஊசியும், தினம் காலையில் ஒரு டிஜாக்ஸின் மாத்திரையும் எழுதினார். ஓடுகிற இதயத்தைப் பிடித்து நடக்க வைக்கிற மாத்திரை அது. நல்ல மருந்து. ஆனால் அதில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு வரப்பு அகலம்தான் இடம். வரப்பைத் தாண்டினால் இதயம் மெதுவாகும். நின்றும் போகும். அதனால் கொடுப்பதற்கு முன் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். இது சட்டம்.

பக்கத்தில் எட்டாம் கட்டில். சர்க்கரையால் காலில் புண், பெரிய கட்டு. பூ வியாபாரம். வார்டில் எல்லோருக்கும் பூக்காரம்மா. காலையில் மகள் ஒரு பை மல்லிகை மொட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். பூக்காரம்மா கட்டிலில் சாய்ந்தபடியே கட்டுவார். நாரும் மொட்டும் விரலும் மட்டும் அசையும். வார்டு முழுக்க வாசம். இங்கே பூ கட்டக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அவர் தலையைத் தூக்கவேயில்லை.

"கால்லதான்யா புண்ணு, கையில இல்ல, நீ ஒன் மாத்திரையைப் பாத்துக்கிட்டு அங்கிட்டுப் போ."

மலைப்பழம்

அருளப்பன் தினமும் முதல் பஸ்ஸில் வருவான். எட்டு மணிக்கு நான் மாத்திரை கொடுப்பேன். சவேரியம்மாள் தண்ணீர் குடிப்பார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். நான் நகர்ந்ததும் அருளப்பன் பையிலிருந்து ஒரு மலைப்பழம் எடுப்பான். உரிப்பான். சின்னச் சின்னதாகப் பிய்த்து அம்மாவுக்கு ஊட்டுவான். ஜன்னல் வழியே வெயில் விழுந்து அவன் விரல், பழம், அம்மாவின் வாய் எல்லாம் மினுங்கும். எனக்கு ஒரு அவசரம் எப்போதும் உண்டு. அந்த நேரம் அது என்னை விட்டுவிடும். தட்டை வைத்துக்கொண்டு செத்த நேரம் நிற்பேன்.

சேர்க்கிற அன்றைக்கே அவனிடம் கேட்டிருந்தேன், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று. தாளில் எழுதிக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா சத்து மாத்திரைதாங்கய்யா" என்றான். 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாம் நாள் பழம் ஊட்டுவதைப் பார்த்து, "ஒன்னை மாதிரி ஒரு பிள்ளை போதும்டா" என்று தட்டிக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன். எட்டாம் கட்டிலிடம் போய், "பாசத்தைப் பாத்தீங்களா?" என்றேன். பூக்காரம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாசமா இருந்தாச் சரி பிரதர், ஆனா பழத்தைத் தின்னுட்டு அந்தம்மா மாத்திரை முழுங்குற மாதிரி தலையை ஆட்டித் தண்ணி குடிக்குதே, அது ஏன்?"

ஆவாரங்காடு

வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு வண்டி போய்விட்டது. வார்டு ஒரு குளம் மாதிரி அமைதியாகக் கிடந்தது. மின்விசிறி சுற்றும்போது நடுத்திரை மூச்சு விடுவது போல உப்பும், அடங்கும். பாட்டிலில் சொட்டு கூடி, தயங்கி, விழும். சவேரியம்மாள் தட்டைத் தொடவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தின் வாசம் பிடிக்கவில்லையாம், வயிற்றைப் புரட்டுகிறதாம். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை யார்தான் ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் சிறுமலை. "மலை பூத்திருக்கு பிரதர்" என்றார். நீலமாகத்தான் இருந்தது. படுக்கை விரிப்பைத் தடவினார். மஞ்சளாம். சுவரும் மஞ்சளாம். விளக்கைச் சுற்றி, தலைமாட்டு மாதா படத்தில் தலையைச் சுற்றி ஒளி இருப்பது போல, ஒரு வளையமாம். சின்ன வயதில் காட்டுக்குப் போகிற பாதை முழுக்க ஆவாரஞ்செடி என்றார். மழை பெய்யாத வருடமும் அது பூக்கும் என்றார். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. எனக்கு யாராவது இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் எரிச்சல் வரும். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது வருடத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மல்லிகை வாசம். சொட்டுச் சத்தம். அந்தக் குரல். கண் சொக்கியது. சாப்பாடு பிடிக்காது, குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். இந்த மாத்திரை வரப்பைத் தாண்டிய அடையாளம் இது என்று நானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பாடம் என் முன்னால் படுத்துப் பேசிக்கொண்டிருந்தது. நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க காட்டு ஆவாரம்பூ அம்புட்டும் இங்க வந்துருச்சு பிரதர், ஒங்க சட்டையெல்லாம் பூவு, நீங்க நடந்தா உதிருது."

பெருக்கல் கணக்கு

முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று மேலே எழுதினேன். நான் எண்ணவில்லை. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். காலையில் பன்னிரண்டு கட்டில், அத்தனை பேருக்கும் மருந்து. நிமிடத்துக்கு எங்கே போவது? ஒழுங்காக அடிக்கிற நாடிக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஓடும். தாறுமாறான நாடிக்கு ஓடாது. அது சில பேரைப் போல, பார்க்கிற நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும், திரும்பினால் தூங்கிவிடும். சவேரியம்மாளின் கை என் கையில் இருந்த பதினைந்து விநாடியும் அது நல்ல பிள்ளையாக இருந்தது. பதினாறு. நாலால் பெருக்கினால் அறுபத்திநாலு. மறுநாள் பதினாறு மாதிரி இருந்தது. அதற்கு மறுநாளும் பதினாறு மாதிரிதான் இருந்தது. அந்த 'மாதிரி'யை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை இன்சார்ஜ் சிஸ்டர் ஸ்டெல்லா தாளைப் புரட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து வந்தவர். ஊசி மருந்துக் குப்பியை உடைக்க எனக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை என்கிற முகத்தோடு நின்றேன். விரலால் மூன்று எண்ணையும் தொட்டுக் காட்டினார். கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"அண்ணே, மூணு நாளும் அறுபத்திநாலு, அறுபத்திநாலு, அறுபத்திநாலு, இது அந்தம்மா நாடியா, டவுன் பஸ் நம்பரா?"

பொடி எழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை. அருளப்பன் முதல் பூசை பார்த்துவிட்டு வந்திருந்தான். பழம் உரிக்கத் தயாராக இருந்தான். நான் தட்டோடு ஏழாம் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தேன். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையை எட்டி நீட்டினார். "இந்தா, ஒங்க மாதா படத்துக்கு வையி." சவேரியம்மாள் வாங்கி முகர்ந்தார். அப்புறம் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "வாசம் மல்லி, நெறம் செவ்வந்தி. இது என்ன புதுச் சாதியா?" என்றார்.

பூக்காரம்மாவின் விரல் நின்றது. அந்த ஒரு வாரத்தில் அது நின்று நான் பார்த்ததில்லை. "தலையணை என்ன நெறம் தாயி?" என்றார். "மஞ்சள்." "என் கால் கட்டு?" "அதுவும் மஞ்சள்." அவ்வளவுதான். காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனுஷி, கட்டில் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி வந்தார். அந்தப் பழத்தை நாலு நாளாகச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தவர், அருளப்பன் மடியிலிருந்த பழப்பையைப் பிடுங்கினார். என் தட்டில் தலைகீழாகக் கொட்டினார். ஒழுங்காக அடுக்கி வைத்த தட்டு! கத்தினேன். அவர் காதில் விழவில்லை. இரண்டு பழம், ஒரு ஜெபமாலை, ஒரு மாத்திரை அட்டை விழுந்தன. அந்த அட்டையை எடுத்து, என் தட்டில் ஏழாம் நம்பர் கிண்ணத்திலிருந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கம்பெனி வேறு, பெரிய எழுத்தில் இருந்த பேர் வேறு. "வேற மருந்தும்மா, விடுங்க" என்றேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஆயிரம் மொட்டில் ஒரு வாடலைக் கண்டுபிடிக்கிற கண். நகத்தால் முதலில் ஒன்றின் அடியிலும், அப்புறம் மற்றதின் அடியிலும் கோடு கிழித்தார்.

"மேல பெருசா இருக்கிறது வேற வேறதான், கீழ பொடியா இருக்கிறதைப் பாருய்யா, ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏழு எழுத்து!"

முழு நிமிடம்

கண்ணாடியைப் போட்டேன். இரண்டிலும் டிஜாக்ஸின். தட்டைக் கீழே வைத்தேன். சவேரியம்மாளின் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை முழு நிமிடம். கோயில் மணி அடித்தது. யாரோ இருமினார்கள். விநாடி முள் ஏறியது. ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் ஒரு ஆள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் போலிருந்தது. மறுபடி ஒன்று. ஒரு நிமிடம் அத்தனை நீளம் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு. அன்றைய மாத்திரையைக் கொடுக்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் ஓடிவந்தார். டாக்டருக்குப் போன் போனது. மார்பில் ஒயர் ஒட்டினோம். இரத்தம் எடுத்தோம். இரத்தத்தில் பொட்டாசியம் உப்பும் குறைந்திருந்தது; நீர் பிரிய ஊசியோடு அதுவும் போயிருந்தது. அதனால் மாத்திரையின் விஷம் இன்னும் ஏறும். அருளப்பன் சுவரோடு ஒட்டி நின்றான். "எங்கம்மாவை நாந்தான் கொல்லப் பாத்தனா பிரதர்?" என்றான். "நீ பாதி, நான் பாதி" என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

டாக்டர் வந்தார். அருளப்பன் எல்லாவற்றையும் சொன்னான். வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் ஆறு மாதமாகப் பார்த்தாராம். ஒரு நாளும் விடக் கூடாது என்றாராம். அவர் கைராசிக்காரராம். இங்கே வந்து அதைச் சொன்னால் இந்த டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பழத்துக்குள் வைத்து ஊட்டினானாம். நம்மூரில் இரண்டாவது டாக்டரிடம் முதல் டாக்டரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். பழைய சம்பந்தத்தைப் புதுச் சம்பந்தியிடம் சொல்லாத மாதிரி. நான் தாளை எடுத்தேன். பழைய எண்ணை அடிக்கவில்லை, திருத்தவில்லை. அதற்குக் கீழே, 'முழு நிமிடம் எண்ணவில்லை, பெருக்கி எழுதினேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினேன். படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருக்கலாம். அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"யோவ், அந்த வத்தலக்குண்டு டாக்டரும் நானும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து படிச்சவங்கய்யா; அவன் பேரைச் சொல்லியிருந்தா ஒனக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பேன்!"

வெள்ளை

மாத்திரையை நிறுத்தினால் விஷம் உடனே போய்விடாது. உடம்பில் தங்கி, மெதுவாகத்தான் இறங்கும். அதுவரை அந்த இதயம் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை மத்தியானம், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் கோடு ஒரு இடத்தில் நீண்டுகொண்டே போனது. ஸ்டெல்லா சிஸ்டர் ஊசியோடு பாய்ந்தார். நான் கையைப் பிடித்தபடி நின்றேன். அருளப்பன் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டான். கோடு துள்ளியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஷிப்டு முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மணிக்கு ஒரு தடவை, முழு நிமிடம். நாற்பத்திநாலு. நாற்பத்தெட்டு. இதற்கு முன் யார் கையையும் நான் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. எண்ண எண்ண, காட்டில் யாரோ தூரத்தில் நடந்து வருகிற காலடி மாதிரி கேட்டது. நெருங்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கஞ்சி குடித்தார். புதன்கிழமை அறுபத்திரண்டு. பெருக்காமல் அறுபத்திரண்டு. மஞ்சள் மெல்ல மெல்ல விலகியதாம். முதலில் தலையணையிலிருந்து, அப்புறம் சுவரிலிருந்து, கடைசியாக மலையிலிருந்து. வியாழக்கிழமை காலை மாதா படத்தில் இருந்த பூவைப் பார்த்து, "மல்லி" என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. எனக்கும் இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க சட்டையும் வெள்ளையாயிருச்சு பிரதர், ஆனா அம்புட்டு வெள்ளை இல்ல, செத்த நீலம் போட்டு அலசுங்க."

இப்போதெல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களிடம் 'வேறு மாத்திரை உண்டா' என்று கேட்பதில்லை, "பையைத் தட்டில் கொட்டுங்க" என்கிறேன்; ஏனென்றால் படித்த டாக்டர், நாற்பது வருட பிரதர், பாசமுள்ள மகன் என்று மூன்று பேர் சேர்ந்து ஏழாம் கட்டிலில் செய்த கோளாறைக் கடைசியில் சரிசெய்தது, இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாத, என் பேச்சை ஒரு நாளும் கேட்காத எட்டாம் கட்டில் பேச்சியம்மாள்.